முப்பத்து மூன்று எழுத்துக்கள் போதும்

அந்நிய தேசத்துக்குப் பிரயாணம் போகிறவர்கள் இரண்டு விதம். தாமே வழி கேட்டு, தாமே டிக்கெட் வாங்கி, தாமே வண்டி ஏறி ஊர் பார்க்கிறவர்கள் ஒரு விதம். பெட்டி படுக்கைகளைப் போலவே ஓரிடத்தில் ஏற்றப்பட்டு மற்றோரிடத்தில் இறக்கப்படுகிறவர்கள் இன்னொரு விதம். முதல் விதத்தாருக்குப் பிரயாணி என்று பெயர். இரண்டாம் விதத்தாரை என்னவென்று அழைப்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போனால் இந்த வித்தியாசம் அவ்வளவாக வெளிக்குத் தெரிவதில்லை. அங்கேயெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எழுத்துக்கள் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் பட்டுத் தைரியம் சொல்லும். ருஷ்யா அப்படிப்பட்ட தேசம் அல்ல. மாஸ்கோவின் பாதாள ரயிலிலும் பெரிய விமான நிலையங்களிலும் இங்கிலீஷ் எழுத்து உண்டுதான். ஆனால் அவற்றைவிட்டு வெளியே வந்ததும், பஸ்ஸின் நெற்றியிலும், கடையின் வாசலிலும், சிற்றூர் ஸ்டேஷன் பலகையிலும் ருஷ்ய லிபியின் ராஜ்யந்தான். அந்த லிபி தெரியாதவர், எவ்வளவு படித்தவராயிருந்தாலும், அங்கே எழுத்து வாசனையற்றவரே.

ஆகையால் ருஷ்யப் பட்டணங்களைப் பார்க்கப் புறப்படும் குடும்பத்தாருக்கு விமானம், ரயில், பணம், சாப்பாடு ஆகிய விஷயங்களைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சிறு பாடம் நடத்த விரும்புகிறோம். பத்து நாள், தினம் அரை மணி நேரம் செலவழித்தால் போதும்.

எழுத்துப் பாடம்

ருஷ்ய லிபியில் உள்ள எழுத்துக்கள் மொத்தம் 33. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துக்களை ஐந்து வயதில் எழுதிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டா? அந்த 33-லும் இரண்டு எழுத்துக்களுக்குச் சொந்தமாக ஓசை கிடையாது. அண்டை எழுத்தை எப்படி உச்சரிப்பது என்று ஜாடை காட்டுவதோடு அவற்றின் உத்தியோகம் முடிந்தது. ஆகவே கணக்குப் பார்த்தால் 31 எழுத்துக்கள்தான்.

இவற்றில் இங்கிலீஷின் ஏ, கே, எம், ஓ முதலிய சில எழுத்துக்கள் உருவத்திலும் ஓசையிலும் நமக்குப் பழையவை. இன்னும் சில முற்றிலும் புதியவை. அவற்றாலும் தொல்லை இல்லை. தெரியாதவனைத் தெரியாதவன் என்றே அறிந்து ஜாக்கிரதையாயிருக்கலாம். தொல்லை கொடுப்பவை, தெரிந்தவனைப்போல் சிரித்துக்கொண்டு வந்து ஏமாற்றும் எழுத்துக்களே. இங்கிலீஷ் 'எச்' போல் இருப்பது அங்கே 'ந'. 'ஸி' போல் இருப்பது 'ஸ'. 'ஒய்' போல் இருப்பது 'உ'. 'எக்ஸ்' போல் இருப்பது 'ஹ'. 'பேப்பர்' என்ற இங்கிலீஷ் சொல்லின் முதலெழுத்து அங்கே 'ர' ஆகிவிடுகிறது. 'பஸ்' என்ற சொல்லின் முதலெழுத்து 'வ' ஆகிவிடுகிறது. இது தெரியாமல் மாஸ்கோ வீதியில் நடக்கிறவர், "பெக்டோபா என்று ஒரு பெரிய தனவந்தர் இருப்பார் போலிருக்கிறது, தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கிறாரே!" என்று வியப்படைய நேரும். அந்தப் பலகையைச் சரியாக வாசித்தால், 'ரெஸ்தொரான்' என்ற நமக்குத் தெரிந்த சாப்பாட்டு விடுதியே அது!

எழுத்து வந்த பிறகு ஐந்து சொற்களை மனப்பாடம் செய்யவேண்டும். 'காஸ்ஸா' என்றால் டிக்கெட் கொடுக்கும் இடம். காசு கொடுக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. 'ஃப்ஹொத்' என்றால் உள்ளே போகும் வழி. 'வீஹொத்' என்றால் வெளியே போகும் வழி. 'பெரெஹொத்' என்றால் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிச் செல்லும் வழி. மூன்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஹொத்' என்பதற்கு நடை என்று பொருள். ஐந்தாவது சொல் 'வக்ஸால்'. அதாவது ரயில்வே ஸ்டேஷன்.

இந்த வக்ஸாலுக்கு ஒரு கதை உண்டு. லண்டனில் வாக்ஸ்ஹால் என்ற உல்லாசத் தோட்டம் ஒரு காலத்தில் பிரசித்தமாயிருந்தது. அதன் பெயரை ஐரோப்பாவில் பல கேளிக்கை மண்டபங்களுக்கு வைத்தார்கள். ருஷ்யாவின் முதல் ரயில் பாதை 1837-இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் பாவ்லோவ்ஸ்க் என்ற ஊர் வரையில் நீண்டது. பாவ்லோவ்ஸ்க் ஸ்டேஷனுடன் சேர்ந்தாற்போல் இப்படிப்பட்ட ஒரு மண்டபம் இருந்தது. ஜனங்கள் சங்கீதக் கச்சேரி கேட்பதற்காகவே அங்கே ரயில் ஏறிப் போனார்கள். நாளடைவில் கச்சேரி மண்டபத்தின் பெயர் தேசத்தின் எல்லா ஸ்டேஷன்களுக்கும் நிலைத்துவிட்டது.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு? செல்போனைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லிவிடுமே!" என்று சிலர் கேட்கலாம். 2025-ம் ஆண்டில் ருஷ்யாவின் பல பகுதிகளில் பாதுகாப்புக் காரணம் சொல்லிக் கைபேசி இணையத்தை மணிக்கணக்காகவும் சில இடங்களில் நாட்கணக்காகவும் நிறுத்தி வைத்தார்கள். அந்நியர்கள் உள்ளூர் சிம் வாங்குவதும் அந்த ஆண்டு முதல் கடினமாகிவிட்டது. செல்போன் ஊமையாகும் சமயத்தில் கண்ணால் படித்து வைத்த எழுத்துத்தான் பேசும்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ம் தேதி முதல் இந்தியப் பிரஜைகள் ருஷ்யாவுக்கு இணையத்தின் மூலமே விசா பெறும் ஏற்பாடு வந்திருக்கிறது. முதலில் 16 நாள் தங்குவதற்கு அநுமதி அளித்தார்கள். 2025-இல் அதை 30 நாளாக உயர்த்தினார்கள். இந்த விசாவை வைத்துக்கொண்டு எந்த வழியாகவும் நுழைந்துவிட முடியாது. அதற்கென்று குறிப்பிட்டுள்ள விமான நிலையங்கள், துறைமுகங்கள், எல்லைச் சாவடிகள் வழியாகவே போகலாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகையால் பிரயாணத்துக்கு முன் ருஷ்ய அரசாங்கத்தின் அதிகாரபூர்வமான அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம். வைத்திய இன்ஷூரன்ஸ் பத்திரமும் கையில் இருக்கட்டும்.

ருஷ்யாவுக்குள் நுழையும்போது நம் வருகையைப் பதிவு செய்கிறார்கள். அப்போது ஏதேனும் சீட்டுக் கொடுத்தால் அதைப் பாஸ்போர்ட்டைப்போலவே பத்திரப்படுத்த வேண்டும். தங்கும் இடத்தில் நம்மைப் பதிவு செய்வது ஹோட்டல்காரர்களின் பொறுப்பு. பதிவு செய்ததற்கு அத்தாட்சியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நம்முடைய பொறுப்பு.

அடுத்தது பண விஷயம். உக்ரேன் யுத்தம் 2022 பிப்ரவரி 24-ந் தேதி பெரும் அளவில் ஆரம்பித்ததும், மறு மாதமே விஸா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு கம்பெனிகளும் ருஷ்யாவில் தங்கள் வேலையை நிறுத்திக்கொண்டன. அது முதல் நம் ஊர்ப் பாங்குகள் கொடுத்த அட்டைகளை நீட்டி அங்கே ஒரு தம்ளர் தேநீர்கூட வாங்க முடிவதில்லை. செலவுக்கு வேண்டிய தொகை முழுவதையும் ரொக்கமாகவே கொண்டு போகவேண்டும். நம் ரூபாய் நோட்டை மாற்றுவது எளிதல்ல. கசங்காத, கிழியாத டாலர் அல்லது யூரோ நோட்டுக்களைக் கொண்டுபோய், தெருவில் யாரிடமும் கொடுக்காமல், பாங்கிலேயே ரூபிளாக மாற்றிக்கொள்வது உசிதம். மொத்தத்தையும் ஒரே பையில் வைக்காமல் குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வைப்பது அதைவிட உசிதம்.

டில்லியிலிருந்து மாஸ்கோவுக்கு நேர் விமானம் உண்டு; பிரயாணம் சுமார் ஆறு மணி நேரம். வளைகுடா நாடுகள் வழியாகவும் போகலாம். மாஸ்கோவில் இறங்கியதும் கடியாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும்.

பத்து ஸ்டேஷன் பட்டணம்

மாஸ்கோவின் ஷெரெமெத்யெவோ விமான நிலையத்திலிருந்து 'ஏரோஎக்ஸ்பிரஸ்' என்ற ரயில் நகரத்துக்குள் பெலாருஸ் ஸ்டேஷனுக்கு வருகிறது. தொமொதெதொவோ விமான நிலையத்திலிருந்து அதே பெயருள்ள ரயில் பாவெலெத்ஸ் ஸ்டேஷனுக்கு வருகிறது. வ்னூகொவோ விமான நிலையத்துக்கு 2023 முதல் பாதாள ரயிலே போகிறது. நகரத்தின் வீதிகளில் மோட்டார் நெரிசல் அதிகம். ஆகையால் ரயிலில் வருவதே நேரத்துக்கும் பணத்துக்கும் நல்லது. டாக்ஸிதான் வேண்டுமென்றால், வாசலில் வந்து கையைப் பிடித்து அழைக்கிறவர்களைத் தவிர்த்து, செயலி மூலமாகவோ நிலையத்தின் முறையான கவுண்டரிலோ அமர்த்திக்கொள்ளலாம்.

மாஸ்கோவில் புதிதாக வருகிறவரைத் திகைக்க வைப்பது ரயில்வே ஸ்டேஷன்களின் பெயர். நம் எழும்பூர் ஸ்டேஷனுக்கு 'மதுரை ஸ்டேஷன்' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? மாஸ்கோவில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கஸான் நகரத்துக்குப் போகும் வண்டிகள் புறப்படும் இடம் கஸான் ஸ்டேஷன். யாரோஸ்லாவ்ல் பக்கம் போகும் வண்டிகளுக்கு யாரோஸ்லாவ்ல் ஸ்டேஷன். பீட்டர்ஸ்பர்க்குக்குப் போகும் வண்டிகளுக்கு லெனின்கிராட் ஸ்டேஷன்! லெனின்கிராட் நகரம் 1991-இல் தன் பழைய பெயரான ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கை மறுபடி எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் மட்டும் இன்னும் மாறவில்லை. இம்மாதிரி ஒன்பது பழைய ஸ்டேஷன்களும், 2021-இல் கட்டி முடித்த பத்தாவது ஸ்டேஷனும் இருக்கின்றன. மேலே சொன்ன மூன்றும் ஒரே சதுக்கத்தில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. டிக்கெட்டில் எந்த வக்ஸாலின் பெயர் இருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமற் போனால் வண்டி தவறிப் போவது நிச்சயம்.

கூர்ஸ்க் ஸ்டேஷனிலிருந்து தெற்கே தூலா நகரத்துக்கு வண்டிகள் போகின்றன. தூலாவுக்கு அருகில் யாஸ்னயா பொல்யானா என்ற கிராமம் இருக்கிறது. டால்ஸ்டாய் வாழ்ந்த வீடும், அடக்கமான இடமும் அங்கேதான். 1909-இல் லண்டனிலிருந்தும் 1910-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் காந்தி என்ற ஒரு பாரிஸ்டர் எழுதிய கடிதங்கள் இந்தக் கிராமத்துக்கு வந்தன. இங்கிருந்து பதில்களும் போயின. மாஸ்கோவிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இந்த யாத்திரையை விட்டுவிடலாகாது என்பது நம் அபிப்பிராயம்.

பாதாள மாளிகைகள்

மாஸ்கோ பாதாள ரயிலின் முதல் பகுதி 1935-ம் ஆண்டு மே 15-ந் தேதி திறக்கப்பட்டது. அப்போது அதன் நீளம் சுமார் 11 கிலோமீட்டர், ஸ்டேஷன்கள் 13. இன்று ஸ்டேஷன்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பழைய ஸ்டேஷன்களைப் பார்த்தால் ரயிலுக்குக் காத்திருக்கும் இடம் என்று நம்புவதே கடினம். சலவைக்கல் தூண்களும், சரவிளக்குகளும், வண்ணச் சில்லுகளால் அமைத்த சித்திரங்களுமாக ராஜாவின் கொலுமண்டபத்தைப்போல் இருக்கின்றன. அரண்மனையில் அரசர்கள் அநுபவித்த அலங்காரத்தை வேலைக்குப் போகும் சாதாரண ஜனங்கள் தினமும் அநுபவிக்கட்டும் என்பது அதைக் கட்டியவர்கள் சொன்ன நோக்கம். அந்த நோக்கத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அதே ஆண்டுகளில் அதே ஆட்சி லட்சக்கணக்கான ஜனங்களைச் சிறை முகாம்களுக்கு அனுப்பியதையும் மறந்துவிட முடியாது. தூண்களின் அழகைப் பார்க்கும்போது இரண்டையும் நினைத்துக்கொள்வதே நியாயம்.

1938-இல் திறந்த மாயாகொவ்ஸ்கயா ஸ்டேஷன் யுத்த காலத்தில் ஜனங்களுக்குக் குண்டு வீச்சிலிருந்து புகலிடமாயிற்று. ஜெர்மன் சேனை நகரத்தை நெருங்கிவிட்ட 1941 நவம்பர் 6-ந் தேதி, புரட்சி ஆண்டு விழாக் கூட்டத்தை இந்த ஸ்டேஷனுக்குள்தான் நடத்தினார்கள். அதே 1938-இல் திறந்த 'புரட்சிச் சதுக்கம்' ஸ்டேஷனில் 76 வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அவற்றுள் எல்லைக் காவலர் ஒருவரின் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. அதன் மூக்கைத் தடவினால் காரியம் ஜயமாகும் என்று பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் நம்புகிறார்கள். தடவித் தடவி அந்த மூக்கு மட்டும் பொன்னைப்போல் பளபளக்கிறது. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும் நம் மாணவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

இனி உபயோகமான விஷயங்கள். மெட்ரோ காலை ஐந்தரை மணி சுமாருக்குத் திறந்து இரவு ஒரு மணிக்கு மூடுகிறது. நெரிசல் நேரங்களில் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி வருவதுண்டு. ஆகையால் ஓட வேண்டியதில்லை. 'த்ரோய்க்கா' என்ற அட்டையைக் காஸ்ஸாவில் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டால் மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும். த்ரோய்க்கா என்பது மூன்று குதிரை பூட்டிய வண்டி. நகரும் படிக்கட்டில் வலது பக்கம் ஒதுங்கி நிற்கவேண்டும். இடது பக்கம் அவசரக்காரர்களுடையது.

நகரத்தின் மையத்தைச் சுற்றி ஒரு வட்டப் பாதை உண்டு. அதில் 12 ஸ்டேஷன்கள். அரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். வழி தவறியவர்கள் இந்த வட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டால் கவலையில்லை. வேண்டிய இடம் தானே வந்து சேரும். 2023 மார்ச் 1-ந் தேதி முழுமையடைந்த பெரிய வட்டப் பாதை ஒன்றும் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 70 கிலோமீட்டர், ஸ்டேஷன்கள் 31. அவசரக்காரர்கள் இரண்டு வட்டத்தையும் மாற்றிக்கொள்ளாமல் இருப்பது நலம்.

வண்டி எந்தத் திசையில் போகிறது என்பதைக் காதாலும் அறியலாம். நகர மையத்தை நோக்கிப் போகும் வண்டிகளில் ஸ்டேஷன் பெயர்களை ஆண் குரல் சொல்வதும், மையத்திலிருந்து வெளியே போகும் வண்டிகளில் பெண் குரல் சொல்வதும் வழக்கம். "ஆபீஸுக்கு மானேஜர் கூப்பிடுகிறார், வீட்டுக்கு மனைவி கூப்பிடுகிறாள்" என்று மாஸ்கோவாசிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். மானேஜரும் மனைவியும் ஒருவரேயான வீடுகளுக்கு இந்தச் சூத்திரம் பொருந்துமோ, பொருந்தாதோ, நாம் அறியோம்.

இரவு வண்டி

மாஸ்கோவிலிருந்து ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சுமார் 650 கிலோமீட்டர். இந்தப் பாதை 1851-இல் திறக்கப்பட்டது. 2009 டிஸம்பர் முதல் 'ஸாப்ஸான்' என்ற அதிவேக வண்டி இந்தத் தூரத்தைச் சுமார் நாலு மணி நேரத்தில் கடக்கிறது. அவசரம் இல்லாதவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இரவு வண்டியையே. 'செவ்வம்பு' என்ற பெயருள்ள வண்டி 1931 முதல் ஓடுகிறது. இரவு 11-55-க்குப் புறப்பட்டு, காலை எட்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையும் மிச்சம்.

தூங்கும் வண்டிகளில் மூன்று வகுப்புக்கள் முக்கியமானவை. 'ப்ளாத்ஸ்கார்த்' என்பது கதவில்லாத வண்டி. 54 பேர் படுக்கலாம். நம் ஸ்லீப்பர் வகுப்புக்கு அண்ணன் தம்பி முறை. 'கூபே' என்பது நாலு பேர் படுக்கும் கதவுள்ள அறை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. இருவர் மட்டும் படுக்கும் அறைகள் கொண்ட மேல் வகுப்பு ஒன்றும் உண்டு. டிக்கெட் வாங்கப் பாஸ்போர்ட் விவரம் வேண்டும். வண்டி ஏறும்போது கண்டக்டர் அம்மாள் பாஸ்போர்ட்டையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுவாள். வண்டிக்குள் அவள் வைத்ததே சட்டம். படுக்கை விரிப்புக் கொடுப்பதும், ஊர் வருமுன் எழுப்புவதும் அவள் பொறுப்பு. வண்டியின் கோடியில் வெந்நீர்க் கொதிகலன் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். உலோகப் பிடிக்குள் பொருத்திய கண்ணாடித் தம்ளரில் தேநீர் வாங்கிக் குடிப்பது ருஷ்ய ரயிலுக்கே உரிய வைபவம். வண்டி ஏறியதும் வீட்டு உடைக்கும் செருப்புக்கும் மாறி, கட்டுச்சாதத்தை அவிழ்த்து, எதிரில் இருப்பவருக்கும் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் நம் தூரத்து உறவினர்களோ என்று தோன்றும்.

பாலங்கள் எழுந்திருக்கும் ஊர்

பீட்டர்ஸ்பர்க் 1703-இல் மகா பீட்டர் என்ற சக்கரவர்த்தி நீவா நதியின் சதுப்பு நிலத்தில் எழுப்பிய பட்டணம். இங்கே வருகிறவர்கள் முதலில் அறியவேண்டியது பாலங்களைப் பற்றி. சுமார் ஏப்ரல் முதல் நவம்பர் வரையில், நள்ளிரவுக்குப் பிறகு, கப்பல்கள் போவதற்காக நீவா நதியின் பாலங்களை இரண்டாகப் பிளந்து உயரத் தூக்கிவிடுகிறார்கள். ஜூன் மாதத்து வெண்ணிரவில், பன்னிரண்டு மணிக்கும் வானம் வெளுத்திருக்க, பாலம் கை கூப்புவதுபோல் மெள்ள எழும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். ஆனால் பார்க்கிறவர், தம் ஹோட்டல் இருக்கும் கரையிலேயே நின்று பார்க்கவேண்டும்! மறு கரையில் நின்றால் விடியற்காலை வரையில் காத்திருக்க நேரிடும். அந்த நேரத்தில் மெட்ரோவும் இராது.

விமான நிலையத்திலிருந்து 39-ம் நம்பர் பஸ் ஏறினால் மொஸ்கொவ்ஸ்கயா மெட்ரோ ஸ்டேஷனுக்கு வரலாம். இங்கே வாங்கவேண்டிய அட்டைக்குப் 'பொதொரோஷ்னிக்' என்று பெயர். வழியோரத்தில் முளைக்கும் ஒரு மூலிகையின் பெயர் அது. நிலம் ஈரமாகையால் மெட்ரோவை மிக ஆழத்தில் அமைத்திருக்கிறார்கள். 2011-இல் திறந்த அத்மிரல்தெய்ஸ்கயா ஸ்டேஷன் சுமார் 86 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஹெர்மிடேஜ் என்ற பிரசித்தமான சித்திரசாலைக்கு அந்த ஸ்டேஷனில்தான் இறங்கவேண்டும். ஹெர்மிடேஜுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாஸ்கோ கிரெம்ளின் மியூஸியங்களுக்கு வியாழக்கிழமை விடுமுறை. இந்த இரண்டு கிழமைகளையும் டைரியில் குறித்துக்கொண்டால் வாசலைப் பார்த்துத் திரும்ப வேண்டியிராது.

இந்த ஊரின் டிராம் வண்டியில் ஒரு தடவையாவது ஏறவேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1941 செப்டம்பர் 8-ந் தேதி முதல் 1944 ஜனவரி 27-ந் தேதி வரையில், 872 நாள், ஜெர்மன் சேனை இந்தப் பட்டணத்தை முற்றுகையிட்டிருந்தது. பசியாலும் குளிராலும் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். முதல் குளிர் காலத்தில் மின்சாரம் இல்லாமல் டிராம்கள் நின்ற இடத்திலேயே பனியில் புதைந்தன. வசந்தம் பிறந்ததும், எலும்பும் தோலுமாய் எஞ்சியிருந்த ஜனங்கள், பெரும்பாலும் பெண்கள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீதிகளில் உறைந்து கிடந்த பனியையும் குப்பையையும் வாரி அப்புறப்படுத்தினார்கள். 1942 ஏப்ரல் 15-ந் தேதி டிராம் மறுபடியும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடிற்று. அதன் மணியோசையைக் கேட்டவர்கள் தெருவில் நின்று அழுதார்கள் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். டிராம் வண்டி ஓடுவது, ஊர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம் அல்லவா?

வால்கா நதிக்கரைக்கு

நாள் மிச்சமிருந்தால் மாஸ்கோவின் கஸான் ஸ்டேஷனில் ஓர் இரவு வண்டி ஏறிச் சுமார் 800 கிலோமீட்டர் கிழக்கே உள்ள கஸானுக்குப் போகலாம். அது தத்தார் மக்களின் தலைநகரம். அங்கே கோட்டைக்குள் கிறிஸ்துவ தேவாலயமும் மசூதியும் அருகருகே நிற்கின்றன. குல் ஷரீப் என்ற அந்தப் புதிய மசூதியையும் நகரத்தின் மெட்ரோவையும் 2005-இல் திறந்தார்கள். மெட்ரோவில் ஸ்டேஷன் பெயரை ருஷ்யம், தத்தார், இங்கிலீஷ் ஆகிய மூன்று பாஷைகளில் சொல்கிறார்கள். தாய்ப்பாஷையில் ஸ்டேஷன் பெயர் கேட்பதில் உள்ள இன்பத்தை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் கிழக்கே போகிறவர்களுக்கு ஸைபீரிய ரயில் இருக்கிறது. மாஸ்கோவின் யாரோஸ்லாவ்ல் ஸ்டேஷனிலிருந்து விளாதிவொஸ்தோக் வரையில் 9,288 கிலோமீட்டர். பிரயாணம் ஏறக்குறைய ஒரு வாரம். 2018 ஆகஸ்டு 1-ந் தேதி வரையில் தேசம் முழுவதும் ரயில் டிக்கெட்டுக்களில் மாஸ்கோ நேரத்தையே போட்டு வந்தார்கள். விளாதிவொஸ்தோக் மாஸ்கோவைவிட ஏழு மணி நேரம் முந்தியது. டிக்கெட்டில் காலை என்று இருக்க, வாசலில் சாயங்காலமாயிருக்கும்! இப்போது அந்தந்த ஊர் நேரத்தையே குறிப்பிடுகிறார்கள்.

சாப்பாடு

மரக்கறி உண்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ருஷ்யாவின் கிறிஸ்துவர்கள் விரத காலங்களில் மாமிசம், முட்டை, பால் மூன்றையும் விலக்குகிறார்கள். அந்த விரதச் சாப்பாட்டுக்குப் 'போஸ்த்னயே' என்று பெயர். இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால், நம் ஏகாதசியை விளக்க வேண்டிய அவசியமில்லாமல், சங்கதியைப் புரிந்துகொள்வார்கள். மீனை மட்டும் தனியாக விலக்கச் சொல்லவேண்டும். 'ஸ்தலோவயா' என்ற சாப்பாட்டுக் கூடங்களில் தட்டை எடுத்துக்கொண்டு பண்டங்களைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம். 'கிரேச்கா' என்ற தானியக் கஞ்சியும், தயிரைப்போன்ற 'கெஃபீர்' என்ற மோரும் நமக்கு ஒத்துக்கொள்ளும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கையில் இருந்தால் குறைவே இல்லை. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

யுத்தம் காரணமாக, மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் உள்படப் பல ஊர்களின் விமான நிலையங்களைச் சில மணி நேரம் மூடிவைப்பது 2025-இல் சகஜமாயிருந்தது. ஆகையால் ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தாராளமாக நேரம் விட்டுக்கொள்ள வேண்டும். எல்லையோர ஜில்லாக்களுக்குப் போகவே கூடாது. சேனை சம்பந்தமான எதையும் போட்டோப் பிடிக்கக் கூடாது. நம் தேசத்து வெளிநாட்டு இலாகாவின் அறிவிப்புக்களைப் புறப்படுமுன் படித்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று. வேலை தருவதாகவும் படிப்புக்கு வழி செய்வதாகவும் சொன்னவர்களை நம்பி ருஷ்யாவுக்குப் போன இந்திய வாலிபர்கள் சிலர், யுத்தகளத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. சேனையில் சேரும் எந்த அழைப்பையும் ஏற்கவேண்டாம் என்று இந்திய அரசாங்கம் 2024-இலும் 2025-இலும் திரும்பத் திரும்ப எச்சரித்தது. திரும்பி வந்தவர்கள் பலர் சொன்னது ஒன்றே: "நாங்கள் கையெழுத்திட்ட காகிதம் ருஷ்ய பாஷையில் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது."

எழுத்துப் பாடத்துடன் இக்கட்டுரையை ஆரம்பித்த காரணத்தை வாசகர்கள் இப்போது அறிந்திருப்பார்கள். 33 எழுத்தைப் படித்ததனால் ஒப்பந்தப் பத்திரத்தின் சட்ட நுட்பங்கள் விளங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவனுக்கு, "இது எனக்கு விளங்கவில்லை, விளங்காததில் கையெழுத்திட மாட்டேன்" என்று சொல்லும் துணிவு தானே வருகிறது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களானாலும் சரி, படிக்கப் போகும் பிள்ளைகளானாலும் சரி, வீட்டை விட்டுப் புறப்படுமுன் இந்தப் பாடத்தை முடித்துக்கொண்டு புறப்படட்டும். மாஸ்கோவில் இறங்கியதும் அவர்கள் வாசிக்கும் முதற் சொல் 'வீஹொத்' என்பதாக இருக்கும். அந்த வழியே வெளியே வந்தால், பார்க்கத் தகுந்த பெரிய தேசம் ஒன்று காத்திருக்கிறது.